பீரோவுக்குப் பின்னால் நிற்கும் வேலங்கட்டை

அந்தப் போகிக் காலையில் என் கட்டைகளை நெருப்பில் போட்டபோது, அவை என்ன கட்டைகள் என்று என் ஓரகத்திக்குத் தெரியுமா, தெரியாதா?

போகி போய், கோடை போய், ஐப்பசி மழையும் வந்துவிட்டது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சாதம் வடிக்கும்போது ‘தெரிந்துதான் போட்டார்’ என்று தோன்றும். மகளுக்கு ஊட்டும்போது ‘சேச்சே, தெரியாமல் நடந்திருக்கும்’ என்று தோன்றும். எது தோன்றினாலும் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் மர வில் செய்கிறவள். பள்ளியிலும் கல்லூரியிலும் ‘இந்தியன் ரவுண்டு’ போட்டிகளில் அம்பு எய்திருக்கிறேன். அந்தப் பிரிவில் கருவிகள் பொருத்திய விலை உயர்ந்த வில் கிடையாது. சாதாரண மர வில்தான். என் வில் ஒருமுறை உடைந்தபோது நானே ஒன்றைச் செதுக்கிப் பார்த்தேன். அது சில அம்புகளிலேயே முறிந்தது. அடுத்தது கொஞ்ச நாள் தாங்கியது. அப்படியே கை பழகிவிட்டது. திருமணத்துக்குப் பிறகு, மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒருவர், சின்னப் பெண்களின் கைக்கு ஏற்ற வில் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மூங்கில் வில்லை அவர்களால் முழுதாக இழுக்க முடியவில்லை. நான் செய்து தருவதாகச் சொன்னேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டை ஒட்டி இருக்கிறது. கீழ்த் தளத்தில் மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவியான என் ஓரகத்தி, அவர்களுடைய பதின்மூன்று வயது மகள். மாடியில் நாங்கள் மூவர்: நான், கணவர், நான்கு வயது மகள். கணவர் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். ஓரகத்தி அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். நன்றாகத் தைப்பார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

எரிந்துபோன அந்தக் கட்டைகளுக்காக நான் எவ்வளவு அலைந்தேன் என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

எனக்கு வேண்டியது நாட்டு வேல மரம். காட்டுத்தீ மாதிரிப் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இல்லை. ஏரிக்குள் நின்று வளர்கிறதே, அது. கருங்குழி பக்கத்தில் ஓர் ஏரியில் மரங்களை ஏலம் எடுத்து வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கணவருக்கு லீவான ஒரு நாளில் வண்டியில் போனோம். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படித்தவள் இதை நம்பலாமா என்று யோசித்தேன். நம்பாமல் வெட்டி, பிறகு உளுத்துப்போனால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். கடைசியில் காலண்டரைப் பார்த்து, அமாவாசை நெருங்கும்போதுதான் கிளம்பினேன்.

வில்லுக்கு மரம் பார்க்கும்போது முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டையில் ஓடும் வெடிப்புக் கோடுகள் நேராக மேலே ஏறினால் உள்ளே நாரும் நேராக ஓடும். கோடுகள் கயிறு திரித்த மாதிரிச் சுற்றிக்கொண்டு ஏறினால், எவ்வளவு அழகான மரமானாலும் விட்டுவிட வேண்டும். அதில் செய்த வில் இழுக்கும்போது முறுக்கிக்கொள்ளும். கிளை ஒடிந்த கணு இருக்கக் கூடாது. கரையோரமாகச் சாய்ந்து வளர்ந்த மரமும் ஆகாது. ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் தளர்ந்தும் இருக்கும். நான் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். கணவர் வண்டியில் சாய்ந்தபடி கத்தினார்.

“இன்னாமே, கட்ட பாக்கச் சொன்னா பொண்ணு பாத்துகினு கீற? ஜாதகமும் கேளு!”

“பொண்ணா இருந்தா இவ்ளோ பாக்க மாட்டேன். உங்க வூட்ல என்னைப் பாக்க வந்தப்ப நீங்க எம்மாம் நேரம் பாத்தீங்க? காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சிடுச்சே.”

மரம் வெட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் கைகாட்டியதை வெட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

கட்டைகள் வந்த அன்றே, வெட்டிய முனைகளுக்கெல்லாம் கெட்டியாக வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறினால் கட்டை அங்கிருந்துதான் பிளக்கும். பிறகு ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்தேன். ரம்பத்தால் அறுத்தால் நாரை வெட்டிவிடும். ஆப்பு நாரோடு சேர்ந்து போகும். பூச்சி பட்டைக்கு அடியில்தான் முட்டையிடும் என்பதால் பட்டையை உரித்தேன். மாடிப்படிக்குக் கீழே வெயில் படாத, காற்று வந்து போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே செங்கல் வரிசை வைத்து, அதன் மேல் கட்டைகளை அடுக்கினேன். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே மெல்லிய குச்சிகள் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டையிலும் வெட்டிய மாதத்தையும் எடையையும் பென்சிலால் எழுதினேன்.

எடை பார்க்க என்னிடம் ஒரு கொக்கித் தராசு இருந்தது. மகள் பிறந்து எடை ஏறாமல் என்னை அழவைத்த நாட்களில் வாங்கியது. துணித் தூளியில் அவளைப் போட்டுத் தொங்கவிட்டுப் பார்ப்பேன். அதே தராசில் கட்டைகளையும் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் மகள், பிறகு கட்டைகள். அவள் எடை ஏற வேண்டும்; கட்டையின் எடை இறங்க வேண்டும். கட்டை இறங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் அதற்கு மேல் இறங்காமல் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. மார்கழி முடியும்போது பெரும்பாலான கட்டைகள் நின்றுவிட்டன. பொங்கல் கழித்துச் செதுக்கத் தொடங்கலாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லி வைத்தேன்.

மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. போகிப் புகை எங்கள் தெருவில் அடுத்த வீடு தெரியாத அளவுக்கு நிற்கும். அதற்குப் பயந்து, திருப்போரூரைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே போய்விட்டேன். கணவருக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட்; பகலெல்லாம் தூங்கியவர் எதையும் கவனிக்கவில்லை. காணும் பொங்கலன்று திரும்பி வந்தபோது மாடிப்படிக்குக் கீழே கட்டைகள் இல்லை. அந்த இடத்தில் ஓரகத்தியின் தையல் மெஷின் இருந்தது. பக்கத்தில் ஸ்டூல். மேலே ஒரு டியூப் லைட்கூட மாட்டியாகிவிட்டது.

“அக்கா, இங்க இருந்த கட்டைங்க?”

“எந்தக் கட்ட? ஓ, அதுவா! போகில போட்டுட்டேம்மா. பழைய கட்டைன்னு நெனைச்சிகினேன்.”

“முனையில எல்லாம் வெள்ள பெயிண்ட் இருந்துச்சேக்கா. பென்சில்ல எழுதியிருந்தேனே.”

“விடிகாலைல எழுத்தெல்லாம் யாரு படிச்சிகினு இருக்கிறது? பசங்க வேற கொட்டு அடிச்சிகினு, போடு போடுன்னு நிக்குதுங்க. நல்லாத்தான் எரிஞ்சிது போ.”

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “கட்டதானே, வுடுமா. ஏரில இல்லாத கட்டையா? நல்ல நாளும் அதுவுமா மூஞ்சத் தூக்கிகினு நிக்காத.”

நான் மூஞ்சியை இறக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள் என்னை.

‘நல்லாத்தான் எரிஞ்சிது.’ ஒரு வருடம் நிழலில் காய்ந்த வேலங்கட்டை பின்னே எப்படி எரியும்?

அவருக்குச் சாதகமாகவும் சில விஷயங்கள் உண்டு. அதே நெருப்பில் தன் கல்யாணப் பாயையும் போட்டிருக்கிறார். வெள்ளை பூசிய முனைகளைப் பார்த்து, சுண்ணாம்பு பட்ட பழைய சாரக்கட்டை என்று நினைத்திருக்கலாம். பாதகமாகவும் உண்டு. கட்டைகளுக்கு அடியில் இருந்த செங்கற்கள் ஓரமாக ஒழுங்காக அடுக்கியிருந்தன. நடுவே கொடுத்த குச்சிகள் எரியவில்லை. வெந்நீர் அடுப்புக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்தார். குப்பை என்று நினைத்தவர் குச்சியைப் பத்திரப்படுத்திக் கட்டையை எரிப்பாரா? அந்த இடம் மெஷினுக்கு வேண்டும் என்று முந்தைய தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்தில் நின்று பார்த்தவள் அவர் மகள். அவளைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் பெற்ற தாய்க்கு எதிராக ஒரு பெண்ணைச் சாட்சி சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரிம்மா, ரெடியானப்ப சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வேறிடத்தில் வில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னை அழைக்கவில்லை.

நான் பழிவாங்கத் தொடங்கினேன். மெஷினில் மணலைக் கொட்டுவதாக மனதுக்குள் பலமுறை கொட்டியிருக்கிறேன். முகூர்த்த நாளுக்கு முன், ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கும்போது கத்தரிக்கோல் என் கையிலேயே இருப்பது மாதிரி இருக்கும். நிஜத்தில் செய்தது வேறு. என் ஜாக்கெட்டுகளை அடுத்த தெருத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து, அவற்றைத் துவைத்து, மெஷினுக்கு நேர் மேலே வரும்படி மாடிக் கம்பியில் காயப்போட்டேன். அவருடைய வாடிக்கைக்காரிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஜாக்கெட்டுகளில் ஒன்றில்கூட கை எனக்குச் சரியாக அமையவில்லை. இழுத்துவிட்டுக்கொண்டே போட்டுக்கொள்கிறேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. எல்லாக் கட்டைகளும் எரியவில்லை.

அம்மா வீட்டுக்குக் கிளம்பிய நாளில், இருப்பதிலேயே நல்ல கட்டையை எடை பார்க்க மாடிக்கு எடுத்து வந்திருந்தேன். அதற்குள் மகளுக்கு இருமல் வந்துவிட்டது. கட்டையைப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது அங்கேயே தப்பித்து நின்றது. கணு இல்லாத கட்டை. உள்ளே வைரம் செம்மண் நிறத்தில் ஒரே சீராக ஓடுகிறது. விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி கேட்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. வீடு பெருக்கும்போது கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மகள் மட்டும் பார்த்திருக்கிறாள்.

ஓரகத்தியின் மகளும் வில் எய்கிறவள். அவளை அந்த மைதானத்துக்கு முதலில் கூட்டிப்போனதே நான்தான். “சித்தி, சித்தி” என்று என் பின்னாலேயே வருவாள். அவளுடைய வில்லும் நான் செய்தது. அவள் சின்னவளாக இருந்தபோது செய்தது. இந்த ஆடியில் அதன் பிடிக்குக் கீழே வளையும் பகுதியில் மயிரிழை அளவு விரிசலைப் பார்த்தேன். “இனிமே இத்த இழுக்காத, மூஞ்சில தெறிக்கும்” என்று நானே வாங்கி வைத்துவிட்டேன். தீபாவளி கழிந்ததும் மாவட்ட அணிக்குத் தேர்வு. மைதானத்து மூங்கில் வில் அவள் தோளுக்கு மீறியது. ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபை மாட்டி இழுத்து இழுத்துப் பழகுகிறாள். அந்தச் சத்தம் மாடிக்குக் கேட்கும்.

ஆவணியில் ஓரகத்தி மாடி ஏறி வந்தார். கையில் ஒரு கிண்ணம் கொழுக்கட்டை.

“பாப்பாவுக்கு ஒரு வில்லு செஞ்சி குடும்மா. உன்ன வுட்டா யாரு கீறாங்க அவளுக்கு?”

“காஞ்ச கட்ட இல்லியேக்கா.”

“கட்ட நான் வாங்கியாரேன்.”

“பச்ச மரத்துல செஞ்சா வளைச்ச எடத்துலயே நின்னுடும்க்கா. நிமிராது.”

“வெயில்ல போட்டு எடுத்தா?”

“வெடிச்சிடும்.”

“அடுப்பு பக்கத்துல வச்சா?”

“நெருப்புல போன கட்ட இன்னா ஆவும்னு நீங்கதான் பாத்திருக்கீங்களே.”

அவர் முகம் கறுத்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்று முழுக்க வாயில் வெல்லம் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது எனக்கு. கொழுக்கட்டையையும் விடாமல் தின்றேன்.

புரட்டாசியில் ஒரு நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில் கீழே ஆட்டோ வந்து நின்றது. ஓரகத்தி ஒரு கட்டையை இறக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நானும் மகளும் இறங்கிப் போனோம்.

“பாரும்மா, தோப்புல வெட்டிகினு இருந்தாங்க. பொறுக்கி எடுத்தாந்தேன். இது ஆவுமா?”

நான் சிரிக்கத் தயாராகத்தான் குனிந்தேன். சிரிக்க முடியவில்லை. நாட்டு வேலம். கணு இல்லை. பட்டைக் கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக ஏறின. இரண்டு முனையிலும் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது.

“மெழுகு யாருக்கா ஊத்தினது?”

“நான்தான். முனை வெடிக்கக் கூடாதில்ல?”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நீதான் அன்னிக்கு குந்திகினு ஒவ்வொரு முனையா பெயிண்ட் அடிச்சிகினு இருந்தியே. தச்சிகினே பாத்துகினு இருந்தேன். பட்டைய உரிக்கிறதுக்கு முன்ன கோடு நேரா கீதான்னு தடவிகினு இருந்தியே, அதுவும்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. பார்த்திருக்கிறார். அந்த வெள்ளை முனைகளை நான் பூசும்போது பார்த்திருக்கிறார். கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் மகள் அவருடைய புடவையைப் பிடித்து இழுத்தாள். “பெரிம்மா, எங்கம்மாகிட்டயும் கட்ட கீது. பீரோ பின்னால ஒளிச்சி வச்சிகீது.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “எனக்குக் குடு” என்று கேட்பார் என்று நினைத்தேன். திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

“இது எப்போ காயும்?” என்றார், தான் கொண்டுவந்த கட்டையைக் காட்டி.

“நல்ல கட்டதான்க்கா. அடுத்த போகிக்கு அடுத்த போகி வந்தா காஞ்சிடும்” என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

அவர் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினார். ஓரமாகக் கிடந்த என் பழைய செங்கற்களில் சிலவற்றை எடுத்துவந்து வரிசை வைத்தார். அதன் மேல் கட்டையைக் கிடத்திவிட்டு, தைக்க உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கட்டை கண்ணில் படுகிறது.

போன வாரம் அவர் என் மகளுக்கு ஒரு தீபாவளிப் பாவாடை சட்டை தைத்து மாடிக்கு அனுப்பினார். அளவு எடுக்கவே இல்லை; கண்ணால் பார்த்தே தைத்தது. கச்சிதமாக இருந்தது. வளர்கிற பிள்ளை என்று உள்ளே துணி மடித்துவிட்டிருந்தார். இது பாசமா, என் வாயை அடைப்பதற்கா, இல்லை, ‘நீ கேட்காமலே நான் கொடுக்கிறேன் பார், நான் கேட்டும் நீ கொடுக்கவில்லை’ என்று குத்திக்காட்டுவதா? மகள் போட்டுக்கொள்கிறேன் என்று அழுகிறாள். நான் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பீரோவுக்குள் அவர் தைத்த பாவாடை, பீரோவுக்குப் பின்னால் என் கட்டை.

தன் மகளிடம் அவர் என் கட்டையைப் பற்றிச் சொல்லவில்லை என்று தெரிகிறது. சொல்லியிருந்தால் அவள் மாடிக்கு ஓடி வந்திருப்பாள். கீழே இன்னும் டியூபைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு நேரம் அதிகம் இல்லை. செதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பழக்கி, அவள் கைக்குச் சரிபார்க்க இந்த வாரமே தொடங்கினால்தான் தேர்வுக்கு முடியும். மழை வலுத்துவிட்டால், காய்ந்த கட்டை காற்றிலிருக்கும் ஈரத்தை மறுபடி குடிக்கும். நேற்று தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். எடை லேசாக ஏறியிருக்கிறது.

நெருப்பில் போனவை திரும்பி வராது. ஆனாலும் அவர் வாயால் ஒரே ஒரு தடவை, “தெரிஞ்சிதான் போட்டேன்” என்றோ, “தெரியாம போட்டுட்டேன், மன்னிச்சிக்க” என்றோ கேட்க வேண்டும் என்று இருக்கிறது எனக்கு. அதைக் கேட்காமல் கட்டையைக் கொடுத்துவிட்டால் நான் தோற்றுப்போன மாதிரி. கேட்டுத்தான் கொடுப்பேன் என்று நின்றால், அந்தப் பெண்ணின் தேர்வை வைத்து அவள் தாயை மண்டியிட வைத்த மாதிரி. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

ஓரகத்தியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள், இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். முதலில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாமா, கொடுத்துவிட்டுக் கேட்கலாமா, கேட்காமலே இருந்துவிடலாமா? கேட்காமல் இருந்துவிட்டவர்களுக்கு அந்தக் கோபம் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கட்டை ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் எழுதினால் நல்லது.